வேணாம் சொல்லும் கூட்டாளி

“உங்களுக்கு வெப்சைட் வேணாம்ணே.”

எங்கள் ஆபீஸுக்கு முதன்முதலாகத் தானாகவே படியேறி வந்த வாடிக்கையாளரிடம் என் கூட்டாளி சொன்னது இதைத்தான். வந்தவர் உசிலம்பட்டிப் பக்கம் போர்வெல் வண்டிகள் வைத்துத் தொழில் செய்தவர். இடது பக்கம் அவருடைய அப்பா படம், வலது பக்கம் அவர் படம், நடுவில் தண்ணீர் பீச்சியடித்துக்கொண்டே இருக்க வேண்டும், மேலே கம்பெனிப் பெயர் ஓட வேண்டும் என்று காற்றில் விரலால் வரைந்து காட்டினார். நான் தலையாட்டிவிட்டு டீக்குச் சொல்லி அனுப்பினேன். அவன் மட்டும் நாற்காலியில் ஒரு காலை மடித்து உட்கார்ந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆர்டர் எப்பிடிண்ணே வருது?”

“போன்லதான் தம்பி.”

“போனை யாரு எடுப்பா?”

“நான் வண்டியோட போயிருவேன். வீட்ல ஆளிருந்தா எடுப்பாக. இல்லாட்டி அடிச்சு ஓஞ்சிரும்.”

“அப்ப போன் எடுக்க ஒரு ஆளைப் போடுங்கண்ணே. வெப்சைட் வேணாம்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். டீயைக் குடித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று இறங்கிப் போனவர் கொஞ்ச நாளில் வேறொரு கம்பெனியில் வெப்சைட் செய்துகொண்டார். அதில் தண்ணீர் பீச்சியது, பெயரும் ஓடியது. வண்டிகளின் பின்புறமெல்லாம் அந்த முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்தார். ரோட்டில் அந்த வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஒரு நாள் ஆபீஸில் வந்து கத்தினேன். “போன் எடுக்க ஆள் போட்டாராமா?” என்று மட்டும் கேட்டான்.

அவனும் நானும் ஒரே கல்லூரியில் ஒரே வகுப்பு. படிப்பு முடிந்ததும் அவன் சென்னைக்குப் போய்ச் சில வருடங்கள் புரோகிராம் எழுதினான். நான் மதுரையிலேயே கம்ப்யூட்டர் விற்றேன். தொண்ணூறுகளின் கடைசியில், எங்கே பார்த்தாலும் இன்டர்நெட் என்று பேச்சாக இருந்தபோது, அவன் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தான். சிம்மக்கல்லில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறைகள் பிடித்தோம். வாடிக்கையாளரைப் பிடித்து வருவது என் வேலை, அவர்கள் கேட்டதைச் செய்து கொடுப்பது அவன் வேலை. அப்படித்தான் பேசிக்கொண்டோம். அவன் சரி என்று தலையாட்டியதும் எனக்கு நினைவிருக்கிறது.

கேட்டதை அவன் செய்து கொடுத்ததே இல்லை. அதற்காக வேலை செய்யாதவன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரு மருந்து மொத்த வியாபாரி பில் போட சாப்ட்வேர் கேட்டால், முதலில் அந்தக் கடையில் போய் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வான். ஒரு வாரம், சில சமயம் அதற்கு மேலும். யாரிடமும் அதிகம் பேச மாட்டான். சரக்கு வருவதை, பில் போடுகிறவர் எந்த இடத்தில் தலையைச் சொறிகிறார் என்பதை, முதலாளி வெளியே போனதும் வேலை எப்படி மாறுகிறது என்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பான். கடைக்கு வருகிறவர்கள் அவனைக் கடைப் பையன் என்று நினைத்து மாத்திரைச் சீட்டை நீட்டியதுண்டு. வாங்கிப் பார்த்துவிட்டு உரிய ஆளிடம் கொடுப்பான். அப்புறம் ஆபீஸுக்கு வந்து, வியாபாரி கேட்டிருந்ததில் முக்கால்வாசியைக் கழித்துவிட்டு எழுதத் தொடங்குவான்.

எழுதியதையும் சும்மா விட மாட்டான். ஒரு நாள் சாயங்காலம் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தான். என்ன விஷயம் என்று கேட்டேன்.

“இன்னைக்கு நல்ல வேலை மாப்ள. நேத்து எழுதுனதுல பாதியை அழிச்சிட்டேன். அப்பவும் ஓடுது.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அழித்த பாதியைச் சொல்லித்தான் நான் அந்த ஆர்டரையே பிடித்திருந்தேன்.

“எழுதுறது லேசு,” என்பான். “ஒரு பட்டனை வச்சிட்டோம்னா, அது அங்க இருக்குற வரைக்கும் நாம அதுக்குப் பதில் சொல்லணும்.” இதைப் பணிவாகச் சொல்கிறவன் இல்லை அவன். எதிரில் இருப்பவர் முகம் சுருங்குவதைக் கவனிக்காமல், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொல்வான். அவனை முதல் தடவை பார்க்கிறவர்களுக்குத் திமிர் பிடித்தவன் என்றுதான் தோன்றும். பழகிய பிறகு எனக்கும் சில நாள் அப்படித் தோன்றியிருக்கிறது.

சொந்த விஷயத்திலும் இதே கதைதான். அவன் வீடு மகால் பக்கம், சௌராஷ்டிரக் குடும்பம். பெண் பார்க்க ஒரு முறை என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். காபி கொடுத்தார்கள், இரண்டு வீட்டாரும் தங்கள் பாஷையில் கலகலவென்று பேசிக்கொண்டார்கள். பெண்ணிடம் தனியாகப் பேச ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். பேசிவிட்டு வந்தவன், நின்றபடியே ஏதோ சொன்னான். அறை அமைதியாகிவிட்டது. அந்தப் பெண் பி.எட். முடித்துவிட்டு வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள், அதனால் இப்போது கல்யாணம் வேண்டாம் என்று அவள் சார்பில் இவனே அறிவித்துவிட்டான் என்பது வெளியே வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. தெருமுனை வரை அவன் அம்மா அவனைத் திட்டிக்கொண்டே வந்தார். அந்த வேகத்தில் எனக்குப் பிடிபட்டது ‘கம்ப்யூட்டர்’ என்கிற ஒரு வார்த்தைதான்.

“அந்தப் பொண்ணு உன்னையச் சொல்லச் சொல்லுச்சாடா?” என்று கேட்டேன்.

கொஞ்ச தூரம் நடந்தான். “இல்ல,” என்றான். “ஆனா மனசுல இருக்குறது தெரிஞ்சா சொல்லணும்ல. அதுக்குத்தானே கேட்டேன்.”

கல்யாண மண்டபங்களுக்கு ஒரு சாப்ட்வேர் என்பது என் யோசனை. மதுரையைச் சுற்றி ஊருக்கு வெளியே மண்டபங்கள் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்த நேரம் அது. முதலாளி டவுனில் இருப்பார், மண்டபம் வெளியே இருக்கும். ஒரே முகூர்த்தத் தேதிக்கு முதலாளி வீட்டில் ஒருவர் அட்வான்ஸ் கொடுப்பார், மண்டபத்தில் மேனேஜரிடம் இன்னொருவர் கொடுப்பார். இரண்டு இடத்திலும் ஒரே காலண்டரைப் பார்க்கிற மாதிரி இன்டர்நெட்டில் செய்து கொடுத்தால் இந்த வம்பே இல்லை. இதைச் சொல்லிவிட்டு அவனுடைய வழக்கமான பதிலுக்காகக் காத்திருந்தேன். அவன் மடித்த காலைக் கீழே போட்டான்.

“இது வேணும் மாப்ள,” என்றான்.

அந்த வருடம் போல நாங்கள் சந்தோஷமாக வேலை செய்ததில்லை. அவன் மண்டபம் மண்டபமாகப் போய் உட்கார்ந்தான். நான் சமையல்காரர், மேடை அலங்காரம், பாத்திரம், ஜெனரேட்டர் என்று சாப்ட்வேரில் என்னென்னவோ இருக்க வேண்டும் என்று சொன்னேன். எல்லாவற்றையும் கழித்தான். கடைசியில் திரையில் இருந்தது ஒரு வருடக் காலண்டர் மட்டும். காலியான தேதி வெள்ளைக் கட்டம். அட்வான்ஸ் வாங்கியதும் அது சிவப்பாகும், ரசீது அச்சாகி வெளியே வரும். அம்புட்டுதான். கம்ப்யூட்டரைத் தொட்டே அறியாத மேனேஜர்கள்கூட ஒரே மத்தியானத்தில் கற்றுக்கொண்டார்கள். கைவிரல்களில் எண்ணக்கூடிய மண்டபங்கள்தான் வாங்கின என்றாலும், வாங்கிய யாரும் குறை சொல்லவில்லை.

ஒன்றே ஒன்று மட்டும் எல்லா மேனேஜர்களும் கேட்டார்கள். துண்டு போட்டு வைக்கிற வசதி. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிப்பதைப் போல, அட்வான்ஸ் வாங்காமலே வேண்டியவர்களுக்காக ஒரு தேதியைப் பிடித்து வைப்பது. அலங்காநல்லூர் சாலையில் இருந்த மண்டபத்தின் மேனேஜர் எங்களை விடவே இல்லை.

“கட்சிக்காரக கேப்பாக, முதலாளி சொந்தக்காரக கேப்பாக. இல்லைன்னு சொல்ல முடியுமா சார்? மஞ்சக் கலர்ல ஒரு கட்டம் குடுங்க.”

“தேதி காலியா இருக்கும், இல்லாட்டி புக் ஆகியிருக்கும். நடுவுல ஒண்ணு கிடையாதுண்ணே,” என்றான் அவன்.

திரும்பி வரும்போது வண்டியிலேயே சண்டை போட்டோம். கேட்பதைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்றேன். “மஞ்சளைக் குடுத்தா எல்லாத் தேதியும் மஞ்சளாகிப் போகும் மாப்ள. ரெட்டை புக்கிங்கே அதுலதான் ஆரம்பிக்குது. அப்புறம் நம்ம சாப்ட்வேர் எதுக்கு?” என்றான். அவன் சொன்னது சரி என்றுதான் எனக்கும் பட்டது.

மாசி மாதத்தில் ஒரு பெரிய முகூர்த்தம். அதற்கு முந்தைய நாள் மத்தியானம் அந்த அலங்காநல்லூர் சாலை மேனேஜர் போன் செய்தார்.

“சார், உடனே கெளம்பி வாங்க. ரெண்டு வீட்டுச் சமையல்காரனும் வந்து நிக்கிறான்.”

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மண்டப வாசலின் இடது தூணில் ஒரு வீட்டார் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வலது தூணில் இன்னொரு வீட்டார் கட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஒரே அடுப்புக்கு இரண்டு கூட்டம் மல்லுக்கு நின்றது. நடந்தது இதுதான். மண்டப முதலாளி தன் மனைவி வழிச் சொந்தக்காரர் ஒருவருக்கு அந்தத் தேதியைத் தருவதாக வாக்குக் கொடுத்து, மேனேஜரிடமும் சொல்லி வைத்திருந்தார். அட்வான்ஸ் வாங்கவில்லை. அதை எங்கள் காலண்டரில் குறிக்க இடமில்லாததால் மேனேஜர் மனதில் வைத்துக்கொண்டார். அப்புறம் மகள் பிரசவத்துக்காக லீவில் போனார். அந்த இடைவெளியில் முதலாளியின் மகன், கட்டம் வெள்ளையாக இருப்பதைப் பார்த்து வேறொரு குடும்பத்திடம் அட்வான்ஸ் வாங்கி ரசீது போட்டுவிட்டான். திரும்பி வந்த மேனேஜர் சிவப்பைப் பார்த்து, சொந்தக்காரர்தான் அட்வான்ஸ் கட்டிவிட்டார் என்று நினைத்துக்கொண்டார்.

எங்களைக் கண்டதும் முதலாளி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினார். “எல்லாம் இந்தக் கம்ப்யூட்டரால வந்தது!”

அப்படி இல்லை, அட்வான்ஸ் வாங்காதது உங்கள் தவறு என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அவன் முன்னால் போனான்.

“ஆமாண்ணே. எங்க தப்புதான்.”

அத்தனை பேருக்கு நடுவில் அவன் அப்படிச் சொன்னதும் எனக்குக் காது சூடாகிவிட்டது. ரசீது வைத்திருந்த குடும்பம் நகர மறுத்தது, அதில் நியாயமும் இருந்தது. வாக்கை மட்டும் நம்பி வந்தவர் அலங்காநல்லூரைத் தாண்டி ஒரு கிராமத்தில் கொஞ்சம் நிலம் வைத்துப் பிழைப்பவர். பெண்ணின் அப்பா. அவர் கத்தவே இல்லை. கவிழ்த்து வைத்த அண்டாவின் மேல் உட்கார்ந்திருந்தார்.

“பத்திரிகை குடுத்தாச்சு தம்பி. ஊரே விடிஞ்சா இங்கதான் வந்து எறங்கும். சம்பந்திக்கு நான் என்ன பதில் சொல்றது?”

அவன் அவர் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். எத்தனை பேர் வருவார்கள், எந்த ஊரிலிருந்து, எதில் வருவார்கள், மாப்பிள்ளை வீட்டார் எப்போது வருவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். பிறகு என்னைப் பார்த்தான். எங்களிடம் இருந்த மற்ற மண்டபங்கள் எல்லாம் மறுநாளுக்குச் சிவப்பு என்பது இருவருக்குமே தெரியும்.

எனக்கு அப்போதுதான் எங்கள் சர்ச்சுக்குச் சொந்தமான சபை மண்டபம் ஞாபகம் வந்தது. அது லெந்து காலம். ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் கல்யாணம் வைக்க மாட்டார்கள், மண்டபம் பூட்டித்தான் கிடக்கும். மிஷன் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற என் அப்பா சபைக் கமிட்டியில் இருந்தார். மண்டப ஆபீஸிலிருந்தே அவருக்குப் போன் செய்தேன். அவர் செயலரிடம் பேசிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார்.

“சாப்பாடு போட்டுக்கிறட்டும். சடங்கு, மேளம் ரெண்டும் மட்டும் வேணாம்னு சொல்லு.”

தாலி கட்டுவதைத் திருப்பரங்குன்றம் கோயிலில் வைத்துக்கொண்டு, சாப்பாட்டை எங்கள் சபை மண்டபத்தில் போடுவது என்று அவன் பெண்ணின் அப்பாவிடம் எடுத்துச் சொன்னான். “முருகன் சன்னதியில நடந்தா குறையொண்ணும் இல்லை,” என்றார் அவர். குறை இருந்தது என்பது குரலில் தெரிந்தது. எழுந்து போய், தூணில் கட்டிய வாழைமரத்தைத் தானே அவிழ்த்தார்.

மறுநாள் காலையில் நான் சபை மண்டபத்தில் இருந்தேன். அவன் அலங்காநல்லூர் சாலை மண்டபத்தின் வாசலில் நின்றான். பஸ்ஸிலும் வேனிலும் வந்து இறங்கிய ஒவ்வொருவரையும் நிறுத்தி, எந்தக் கல்யாணம் என்று கேட்டு, இடம் மாறிய கல்யாணத்துக்கு வந்தவர்களை நாங்கள் பிடித்து வைத்திருந்த வேன்களில் ஏற்றி அனுப்பினான். வெயில் ஏற ஏற ஆட்களுக்குக் கோபமும் ஏறியது. ஒரு அம்மா அவனைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றாத குறையாகப் பேசிவிட்டுப் போனாராம். ஒரு பெரியவர் மட்டும் அவன் தோளைத் தட்டி, “நீ யாருப்பா, பொண்ணுக்கு அண்ணனா?” என்று கேட்டிருக்கிறார்.

“இல்லைங்கய்யா. கம்ப்யூட்டர்காரன்.”

இதை வேன் டிரைவர் வந்து என்னிடம் சொல்லிச் சிரித்தார். கல்யாணம் நடந்து முடிந்தது. இரண்டு கல்யாணப் பந்தியில் எதிலும் அவன் சாப்பிடவில்லை.

அடுத்த வாரமே மஞ்சள் கட்டத்தை எழுதினான். துண்டு போடுகிறவர் பெயரும் போன் நம்பரும் கொடுக்க வேண்டும். சில நாட்களுக்குள் அட்வான்ஸ் வராவிட்டால் கட்டம் தானாக வெள்ளையாகிவிடும், அதற்கு முன்பு முதலாளி, மேனேஜர் இரண்டு பேருக்கும் சாப்ட்வேரே தெரியப்படுத்தும். இன்றைக்குப் பார்த்தாலும் அது நல்ல வேலை.

“மனுசன் மனசுல நடுவுல ஒண்ணு இருக்கு மாப்ள. நான்தான் இல்லைன்னுட்டேன்,” என்றான்.

ஆனால் பேச்சு அதற்கு முன்பே பரவிவிட்டது. கம்ப்யூட்டர் ஒரே நாளில் இரண்டு கல்யாணம் வைத்துவிட்டது என்று மண்டபக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். ஒவ்வொருவராக எங்கள் சாப்ட்வேரை நிறுத்தினார்கள். நேரில் போய் நடந்ததை விளக்கலாம் வா என்று அவனைக் கூப்பிட்டேன். வர மறுத்தான்.

“அவுக சொல்றது தப்பில்லையே.”

“கெட்டது உன் பேரு மட்டும் இல்லடா. என் பேரும்தான்,” என்று கத்தினேன். இப்போது யோசித்தாலும் நான் கேட்டது நியாயம்தான்.

அதன் பிறகு அவன் ‘வேணாம்’ என்று சொல்வதை நிறுத்திவிட்டான். யார் எதைக் கேட்டாலும் சரி என்றான். ஓடுகிற எழுத்து, பாட்டு, முகப்பில் பூ விரிவது, எதற்கும் மறுப்பில்லை. எனக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. ஆர்டர்கள் வந்தன, யாரும் யோசித்துச் சொல்கிறேன் என்று இறங்கிப் போகவில்லை. வாடிக்கையாளர் கடைகளில் போய் உட்காருவதையும் விட்டுவிட்டான். காலையில் வருவான், சாயங்காலம் போவான். ஒரு முறை ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் அசட்டுத்தனமாக ஏதோ கேட்டார். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் குறித்துக்கொண்டிருந்தான்.

பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது என்று அவன் சொன்னபோது நான் தடுக்கவில்லை. போகாதே என்று சொல்வேன் என்று அவன் எதிர்பார்த்தானா என்பதும் தெரியாது. எங்கள் பேச்சு அப்போது அந்த அளவில்தான் இருந்தது.

சில வருடங்கள் கழித்து, அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக வந்தவன் என் ஆபீஸுக்கு வந்தான். நான் மதுரையிலேயே அண்ணா நகருக்கு மாறியிருந்தேன். மண்டப சாப்ட்வேரை மறுபடி தூசி தட்டி, மேலே மேலே கட்டி, தென்மாவட்டங்களில் நிறைய இடங்களில் விற்றிருந்தேன். சமையல், பாத்திரம், ஜெனரேட்டர் எல்லாம் அதில் இருந்தன. அவன் கல்யாணமாகிக் கொஞ்சம் சதை போட்டிருந்தான். மகள் பிறந்திருந்தாள். என் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தான். நான் பக்கத்தில் நின்றேன்.

“நல்லா இருக்கு மாப்ள,” என்றான்.

வெளியாளிடம் சொல்கிற மாதிரி இருந்தது அது. எனக்குப் பொறுக்கவில்லை.

“உண்மையைச் சொல்றா.”

“உண்மையைச் சொல்லணும்னா இங்க பத்து நாள் உக்காரணும் மாப்ள. எனக்கு நாலரைக்குப் பஸ்ஸு.”

சிரித்துக்கொண்டே எழுந்து பையைத் தோளில் மாட்டினான். நானும் சிரித்தேன். வாசல் பக்கம் நடந்தோம். அங்கே வாடிக்கையாளர்களின் போனுக்குப் பதில் சொல்கிற பெண்ணின் மேஜை இருந்தது. போன் அடித்தது. டி. கல்லுப்பட்டியிலிருந்து ஒரு மண்டப மேனேஜர். ஒரு கல்யாணத் தேதியை மாற்ற வேண்டும், எங்கே மாற்றுவது என்று தெரியவில்லை.

“மேல வலது பக்கம் பாருங்க சார். இல்ல, அது இல்ல, அதுக்குக் கீழ. இப்ப என்ன தெரியுது?”

அவன் நின்றான். அந்தப் பெண்ணைப் பார்த்து, ஸ்பீக்கரில் போட முடியுமா என்று கையால் கேட்டான். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

“கணக்குன்னு ஒண்ணு வருதும்மா,” என்றது மேனேஜரின் குரல். “அதை அமுக்குனா கல்யாணமே அழிஞ்சிருமோன்னு பயமா இருக்கு.”

“அழியாது சார். நீங்க பின்னாடி வாங்க.”

“பின்னாடின்னா எங்குட்டு?”

அவன் மேஜையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அவன் பார்க்கவில்லை. மேனேஜர் வேறு எங்கோ போய்விட்டார், அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவன், போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, தோளில் இருந்த பையை மெல்லக் கீழே இறக்கி வைத்தான்.